பழைய ஜீப்பை மீட்பதும் மாற்றுவதும்

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், எங்கள் வீட்டு போர்டிகோவில், 1997ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி கிங் ஒன்று நிற்கிறது. அப்பா வாங்கிய வண்டி. நான்கு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் அடியில் படுத்து எழுந்துகொண்டிருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பது இரண்டே கேள்விகள். “இதை ஏன் சார் கட்டிக்கிட்டு அழறீங்க, கொடுத்துட்டுப் புதுசு வாங்கலாமே?” என்பது பெரியவர்கள் கேட்பது. “பெரிய டயர் போட்டு ரெண்டு இஞ்ச் தூக்கிவிட்டா சூப்பரா இருக்குமே அண்ணா?” என்பது இளைஞர்கள் கேட்பது.

முதல் கேள்வி மீட்பைப் பற்றியது. இரண்டாவது மாற்றத்தைப் பற்றியது. தேய்ந்ததையும் அரித்ததையும் சரிசெய்து, ஆலையிலிருந்து வந்த நிலைக்கு வண்டியைத் திருப்புவது மீட்பு. ஆலை நினைக்காத ஒன்றை வண்டியில் சேர்ப்பது மாற்றம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருடைய பணம் வீணாகிறது, சிலருடைய உயிருக்கே ஆபத்து வருகிறது. வண்டிகளின் வரலாறு, சென்னையின் பட்டறைகள், துருவின் இயல்பு, சட்டம், செலவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு இது: மீட்பை முடிக்காமல் மாற்றத்தைத் தொடக் கூடாது, மீட்பை ஒழுங்காக முடித்தவருக்கு மாற்ற வேண்டியது கொஞ்சமே மிஞ்சும்.

எந்த வண்டிகள்?

நம் ஊர்ப் பேச்சில், உயரமாகவும் முரடாகவும் இருக்கும் வண்டி எதுவானாலும் அது ஜீப்தான். 1940களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னால் வந்த சி.ஜே.3பி வகையின் பானெட் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் அழகல்ல, அதன் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் முந்தையதைவிட உயரமானது, அது அடங்குவதற்காகப் பானெட்டைத் தூக்கினார்கள். 1979இல் பிரான்ஸின் பியூஜோவோடு ஒப்பந்தம் செய்து மஹிந்திரா பெற்ற 2,112 சி.சி. டீசல் எஞ்சின்தான் எம்.எம்.540 போன்ற ஜீப்புகளை நாடெங்கும் கொண்டுபோனது. 1985 டிசம்பரில் மாருதி ஜிப்ஸி 970 சி.சி. எஞ்சினோடு வந்தது. 1996இல் 1,298 சி.சி. எஞ்சினோடு ஜிப்ஸி கிங் ஆனது. ராணுவமும் போலீசும் அதை விரும்பி ஓட்டின. 1991இல் டாடா சியராவும் 1998இல் சஃபாரியும் வந்தன.

சென்னைக்குச் சொந்தமான இரண்டு பெயர்களையும் சேர்க்க வேண்டும். 2002இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையிலிருந்து மிட்சுபிஷி பஜேரோ வெளிவந்தது. 2003இல் ஃபோர்டின் மறைமலைநகர் ஆலையிலிருந்து எண்டெவர் வந்தது. பஜேரோ இங்கே நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2022இல் மறைமலைநகரில் ஃபோர்டும் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. நம் தொழிலாளர்கள் கை பட்டு உருவான வண்டிகள் இன்று ‘பழசு’ வரிசையில் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. ஏணி போன்ற இரும்புச் சட்டம் கீழே, உடல் அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். நம் மெக்கானிக்குகள் சேஸிஸ் என்று சொல்வது இந்தச் சட்டத்தைத்தான். உடலைத் தனியே கழற்றலாம், ஒரு பக்கத்தை வெட்டி ஒட்டலாம், சட்டத்தைத் தனியாகச் சுத்தம் செய்யலாம். ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்ட இன்றைய கார்களில் வீட்டில் இதைச் செய்ய முடியாது.

எஞ்சினிலும் ஒரு கோடு கிழிக்கலாம். கார்புரேட்டரும் மெக்கானிக்கல் டீசல் பம்பும் உள்ள தலைமுறையை ஸ்பானர், ஃபீலர் கேஜ், பொறுமை ஆகிய மூன்றையும் வைத்துப் புரிந்துகொள்ளலாம். எண்டெவரின் பிந்தைய மாடல்களைப் போலக் காமன் ரெயில் டீசலும் கம்ப்யூட்டரும் உள்ள தலைமுறைக்கு, கோளாறைப் படிக்கும் கருவி இல்லாமல் கை வைக்கக் கூடாது. முதல்முறையாக வீட்டில் வேலை செய்ய நினைப்பவர், கோட்டுக்கு முந்தைய பக்கத்து வண்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தேவை கற்றுக்கொடுத்த தொழில்

வண்டியை மாற்றி அமைப்பது ஏதோ புது மோகம் என்று நினைப்பது தவறு. டீசல் மலிவாக இருந்த காலத்தில், சிம்சன் நிறுவனம் செம்பியத்தில் செய்த பெர்கின்ஸ் எஞ்சின்கள் லாரி, டிராக்டரோடு நிற்காமல் கார்களுக்குள்ளும் ஏறின. போர்க்காலத்தில் பெட்ரோல் தடைசெய்யப்பட்ட யாழ்ப்பாணத்தில், கொஞ்சம் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மோரிஸ் மைனரும் ஆஸ்டின் கேம்பிரிட்ஜும் அங்கே அத்தனை காலம் ஓடியது அந்த மெக்கானிக்குகளின் கைவண்ணம். 2020இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, சுமார் ஐந்து ஆண்டுகள் தீவு முழுவதும் பழைய வண்டியைக் காப்பாற்றுவதே ஒரே வழியாக இருந்தது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கரடுமுரடான பாதையில் இன்றும் ஜீப்தான் ஏறுகிறது. அந்த ஓட்டுநர்களுக்கு மீட்பு என்பது பொழுதுபோக்கல்ல, பிழைப்பு.

இவர்கள் எல்லோரிடமும் கற்க வேண்டியது ஒன்று. அவர்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு தேவை இருந்தது. மயிலாப்பூரில் என் வண்டிக்கு என்ன தேவை என்று என்னையே கேட்டுக்கொண்ட பிறகுதான் என் வேலைப் பட்டியல் பாதியாகச் சுருங்கியது.

ஊரே பட்டறை

‘வீட்டில் செய்தேன்’ என்று சொல்வது பாதி உண்மைதான். கழற்றுவதும் பூட்டுவதும் வீட்டில் நடக்கும். மற்றதெல்லாம் ஊரில் நடக்கும். அந்த வகையில் சென்னையைப் போல் வாய்த்த நகரம் அரிது. 1903இல் சிம்சன் கம்பெனி நீராவியால் ஓடும் காரைக் கட்டி மெட்ராஸ் தெருவில் ஓட்டிக் காட்டியது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். ஸ்டீயரிங் உறுப்புகள் செய்யும் ராணே குழுமத்தின் தலைமை அலுவலகம் கதீட்ரல் சாலையில் இருக்கிறது. நட்டு, போல்ட்டு செய்யும் சுந்தரம் ஃபாஸ்னர்ஸின் அலுவலகம் ராதாகிருஷ்ணன் சாலையில், மயிலாப்பூர் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. துருப்பிடித்த போல்ட்டோடு நான் மல்லுக்கட்டும் இடத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்கு நடந்தே போய்விடலாம்.

புது உதிரிபாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். பழைய உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை. கூவத்தின் ஓரத்தில் கதவும் கண்ணாடியும் கியர்பாக்ஸும் அடுக்கடுக்காக வைத்திருக்கும் அந்தக் கடைகளில், கழற்றிய பழைய சாமானைக் கையோடு எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதே முறை. பெயரைச் சொல்லிக் கேட்டால் ஏறக்குறைய அதேபோல் ஒன்று வரும். வீட்டுக்கு வந்து பூட்டும்போது ஒரு துளை மட்டும் தள்ளி நிற்கும்.

பழையதில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், சீட் ஃபிரேம், டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிக்கூடு ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், டை ராடு எண்டு, சீட் பெல்ட் ஆகியவற்றைப் புதிதாக மட்டுமே வாங்க வேண்டும். எதை வாங்கினாலும் பில் கேட்டு வாங்க வேண்டும். எஞ்சின், சேஸிஸ் எண் பதித்த எதையும் பில் இல்லாமல் தொடவே கூடாது. அது எங்கோ திருடுபோன வண்டியாக இருக்கலாம்.

மூன்றாவது இடம் லேத்து பட்டறை. கிடைக்காத புஷ்ஷை, தேய்ந்த பின்னை அளவெடுத்துக் கடைந்து தருபவர் அங்கே இருக்கிறார். நான் போகும் பட்டறையில் எழுபது வயதை நெருங்கும் ஒருவர் வேலை செய்கிறார். ஷாக்கிள் பின்னை வெர்னியரில் வைத்துப் பார்த்துவிட்டு, “பின்னு தேயல தம்பி, ஓட்டைதான் பெரிசாயிருக்கு. பின்ன மாத்தி என்ன பிரயோஜனம்?” என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தியது. அவருக்குப் பிறகு அந்த லேத்தில் நிற்க ஆள் இல்லை. பழைய வண்டிகளைப் பற்றி நான் கவலைப்படுவதைவிட இதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன்.

துருதான் முதல் எதிரி

எங்கள் தெருவிலிருந்து சாந்தோம் கடற்கரை கூப்பிடு தூரம். மாலையில் வீசும் கடற்காற்று நமக்கு இதம்; இரும்புக்கு எமன். உப்பு கலந்த ஈரம் தகட்டின் மடிப்பிலும் சட்டத்தின் உட்புறத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே தகடு கரைந்துகொண்டிருக்கும்.

என் வண்டியில் டிரைவர் சீட்டுக்குக் கீழே இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கியபோது தரை நன்றாகத்தான் இருந்தது. திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனேன். ‘டங், டங்’ என்று வந்த ஓசை ஓரிடத்தில் ‘தொப்’ என்று அமுங்கியது. ஒரு சின்னக் காந்தத்தை வைத்தேன். ஒட்டாமல் விழுந்தது. மேலே உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால், வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு பட்டறையில் அப்பிய பட்டி, ஓட்டை அப்பளம் போல் பெயர்ந்து வந்தது. அதற்குக் கீழே தகடே இல்லை. தரையில் கிடந்த என் செருப்பு தெரிந்தது.

துரு பிடித்த இடத்தைப் பட்டி வைத்து மூடுவது நோயை மூடுவது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, சுமார் ஒரு மில்லிமீட்டர் தகட்டை அதே வடிவத்தில் மடக்கி, வெல்டிங் வைத்து, இரண்டு பக்கமும் ப்ரைமர் அடிப்பதே சரியான வழி. வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைக்க வேண்டும், பேட்டரியைக் கழற்ற வேண்டும். இந்த வேலையை நான் செய்யவில்லை. தேர்ந்த டிங்கர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தேன். சேஸிஸின் உட்புறத்தில் தண்ணீர் வடிவதற்கென்றே ஆலையில் போட்ட துளைகள் மண்ணால் அடைத்துக் கிடந்தன. அவற்றைக் குத்தித் திறந்ததும் ஒரு கைப்பிடி செம்மண்ணும் துருவும் கொட்டின. வெறும் கம்பியால் செய்த அந்த அரை மணி வேலைதான் வண்டியின் ஆயுளுக்கு நான் செய்த பெரிய உதவி என்று நினைக்கிறேன்.

சின்னச் சின்ன உறுப்புகளுக்கு நம் சமையலறையே போதும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும். குத்துவிளக்கு தேய்க்கும் அதே புளிதான். கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீரில் ஓர் இரவு ஊறிய கீல்களும் கிளிப்புகளும் மறுநாள் பிரஷ்ஷால் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் வெளுத்து வரும். உடனே சோடா மாவு கலந்த தண்ணீரில் அலசி, காய வைத்து, எண்ணெய் பூச வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை. தலையில் 10.9, 12.9 என்று பொறித்த உயர்வலு போல்ட்டுகளை எந்த அமிலத்திலும் போடக் கூடாது. அமிலத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் அந்த இரும்புக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும். ஸ்டீயரிங், பிரேக் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தால் புதிது வாங்குவதே முறை.

உயிரைத் தாங்கும் உறுப்புகள்

துருவுக்கு அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரி மட்டுமே. மலைப்பாதையில் இறங்கும்போது சூடேறி ஆயில் கொதித்தால் பெடல் அப்படியே தரையைத் தொடும். சென்னையின் புழுக்கத்தில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆயிலை மாற்றுவது வண்டிக்காக அல்ல, நமக்காக. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்ததும் ஊதித் தூசு தட்டும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

எரிபொருளும் மாறிவிட்டது. இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பரை உப்பவோ வெடிக்கவோ வைக்கும். 1997இல் செய்த ஹோஸ் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள எல்லா ரப்பர் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றினேன். மீட்புக் காலத்தில் என் வண்டிக்குச் செய்த ஒரே ‘மாற்றம்’ என்று இதைச் சொல்லலாம். அதுவும் காலத்தின் கட்டாயம்.

வயரிங் அடுத்தது. பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வரும். வழியிலேயே ஒன்றிரண்டு வோல்ட் தொலைந்துவிடும். ஹாலஜன் பல்பு 13.5 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட்டில் எரிந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதிக வாட் பல்பு போட்டு எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைப்பதைவிட, பேட்டரியிலிருந்து நேராக ஒரு ரிலேவும் ஃபியூஸும் வைத்தால் ஆலை தந்த பல்பே பிரகாசமாக எரியும்.

தண்ணீரும் வண்டியின் எதிரியாகலாம். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி, உள்ளே உப்புப் படிந்து அடைத்துப்போன வண்டிகள் நகரமெங்கும் உண்டு. அக்னி நட்சத்திரத்தில்தான் அது தெரியவரும். கூலன்ட்டைச் சுத்திகரித்த நீரில் கலந்து ஊற்ற வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ நின்ற வண்டியை வாங்குகிறவர்கள், டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கிப் பார்க்க வேண்டும். ஆயில் மோர் போல் வெளுத்திருந்தால், ஆக்ஸிலின் மூச்சுத்துளை வழியாக வெள்ளம் உள்ளே போயிருக்கிறது. பேரிங்குகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன.

மாற்றத்தின் கணக்கு

இப்போது இளைஞர்களின் கேள்விக்கு வருகிறேன். பெரிய டயர் போட்டால் என்ன ஆகும்? டயரின் விட்டம் 10 சதவீதம் கூடினால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66இல் போகும். எல்லா கியரும் 10 சதவீதம் நீண்டுபோகும், இழுவை குறையும். அதே பிரேக், நீண்ட நெம்புகோலோடு போராட வேண்டியிருக்கும்; பெடலை இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும். 60 குதிரைத்திறன் மட்டுமே உள்ள என் ஜிப்ஸிக்கு இது தாங்காது.

இரண்டு இஞ்ச் உயர்த்தினால்? புவியீர்ப்பு மையம் ஏறும், வளைவில் கவிழும் வாய்ப்பு கூடும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, கிராஸ் ஜாயிண்ட் சீக்கிரம் போகும். பிரேக் ஹோஸ் இழுபடும். ஸ்டீயரிங் கம்பியின் கோணம் மாறுவதால், பள்ளத்தில் இறங்கும்போது வண்டி தானே ஒரு பக்கம் இழுக்கும். ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு. ஆனால் ஒன்றைத் தொட்டால் ஐந்தைத் தொட வேண்டும் என்பதே அதன் பொருள். தேய்ந்த புஷ்ஷும் சோர்ந்துபோன லீஃப் ஸ்பிரிங்கும் உள்ள வண்டிக்கு இதைச் செய்வது, அஸ்திவாரம் விரிசல் விட்ட வீட்டுக்கு மாடி கட்டுவது போன்றது. புது லீஃப் ஸ்பிரிங்கும் புஷ்ஷும் போட்டபின் என் வண்டி தானாகவே ஓர் இஞ்ச் நிமிர்ந்து நின்றது. ஆலை கொடுத்த உயரம் அதுதான். இருபது ஆண்டுகளாக நான் பார்த்ததெல்லாம் அதன் கூன்.

நான்கு சக்கரத்துக்கும் விசை தரும் வசதியையும் புரிந்து பயன்படுத்த வேண்டும். ஜிப்ஸி போன்ற வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் ‘ஃபோர் வீல்’ போட்டு ஓட்டினால், திருப்பத்தில் முன்சக்கரம் ஓடும் தூரமும் பின்சக்கரம் ஓடும் தூரமும் வேறுபட்டு, விசை முறுக்கேறி, கியரோ ஷாஃப்ட்டோ முறியும். மணல், சேறு, சரளை ஆகிய இடங்களில் மட்டுமே அது துணை.

செய்யத்தக்க மாற்றங்கள் இருக்கின்றன. எல்லா சீட்டுக்கும் தரமான சீட் பெல்ட், ஹெட்லைட் ரிலே, ஆலை குறித்த அளவிலேயே ரேடியல் டயர், ஆக்ஸிலின் மூச்சுத்துளைக்கு ஒரு குழாய் வைத்து மேலே ஏற்றிவிடுவது. சென்னையின் மழைக்காலத்துக்கு இந்தக் கடைசி மாற்றம் ஒன்றே போதும். இவை எதுவும் வண்டியின் தோற்றத்தை மாற்றுவதில்லை. இவற்றின் பயனை ஓட்டுகிறவர் அறிவார்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கட்டமைப்பில் செய்யும் மாறுதல் வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றினால் அதுவே ‘மாற்றம்’ என்று அந்தப் பிரிவே விளக்குகிறது. 2019 ஜனவரி 9 அன்று கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். முன்னால் முட்டுக்கம்பி பொருத்துவதை 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தடுத்தது. பாதசாரியின் காலையும் இடுப்பையும் நொறுக்கும் அந்தக் கம்பி, மாட வீதி போன்ற நெரிசலில் ஓடும் வண்டிக்கு எதற்கு? கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இலேயே தடுத்தது.

நிறம் மாற்றினாலும், எஞ்சின் மாற்றினாலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாத மாற்றம் உள்ள வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பணம் கேள்விக்குறியாகும். மின்சார வண்டியாக மாற்ற நினைப்பவர், அரசு அங்கீகரித்த சோதனை அமைப்பின் ஒப்புதல் பெற்ற கருவித் தொகுப்பை மட்டுமே பொருத்தலாம்.

வயதைப் பொறுத்தவரை, தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். தலைநகர் டெல்லியில் 10 ஆண்டு டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு பெட்ரோல் வண்டிக்கும் நீதிமன்ற உத்தரவுகளால் வந்த நெருக்கடி தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் புதுப்பிக்கும் கட்டணம் ஏறிவருகிறது. 2022 ஏப்ரலில் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயது கடந்த காருக்கு 10,000 ஆனது. அதோடு மாநிலத்தின் பசுமை வரியும் உண்டு.

இங்கே ஒரு குறையைச் சொல்ல வேண்டும். சட்டம் மாற்றத்தைத் தடுக்கிறது, சரிதான். ஆனால் ஒழுங்காக மீட்கப்பட்ட வண்டியையும் பராமரிப்பே இல்லாத வண்டியையும் அது ஒரே தட்டில், வயதை மட்டும் வைத்து எடை போடுகிறது. பிரேக், புகை, சேஸிஸ் ஆகியவற்றைக் கருவியால் அளந்து, தேறிய வண்டிக்குக் கட்டணச் சலுகை தந்தால், மக்கள் பணத்தைப் பெரிய டயரில் போடாமல் பிரேக்கில் போடுவார்கள்.

வீடும் தெருவும்

மயிலாப்பூரில் இடம்தான் பெரிய பிரச்சினை. போர்டிகோ உள்ள தனி வீடுகள் குறைந்து, அடுக்குமாடியின் தூண்களுக்கு நடுவே ஒரு கார் நிற்கும் இடமே இன்று பலருக்குச் சொந்தம். அங்கே ஸ்ப்ரே பெயின்டிங்கும் வெல்டிங்கும் கூடவே கூடாது. டூ-கே பெயின்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். அந்த வேலையை அதற்கான அறை உள்ள பட்டறையில் செய்ய வேண்டும். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டாண்டு இல்லாமல் ஒரு நிமிடம்கூட அடியில் படுக்கக் கூடாது. பங்குனிப் பெருவிழா நாட்களில் மாட வீதிகளைச் சுற்றிப் போக்குவரத்து நிற்கும். அந்த வாரத்தில் கியர்பாக்ஸை இறக்கி வைத்துவிட்டு உதிரிபாகத்துக்குக் காத்திருந்தவனின் வருத்தம் எனக்குத் தெரியும்.

கழிவு எண்ணெயைப் பற்றி எல்லோரும் யோசிக்க வேண்டும். தெருவோர மழைநீர்க் கால்வாயில் ஊற்றியது எங்கும் மறைந்துவிடாது. பறக்கும் ரயிலுக்குக் கீழே கிடக்கும் பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகும், அங்கிருந்து கடலுக்கு. பழைய ஆயிலைக் கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுக்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுப்பது ஒன்றும் சிரமமில்லை.

செலவும் நியாயமும்

பணக் கணக்கில் மீட்பு லாபமல்ல. என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால், செலவழித்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் அறுபதுக்கு மேல் யார் கண்ணுக்கும் தெரியாத இடங்களுக்கே போயிருக்கிறது. விற்றால் அந்தப் பணம் திரும்பாது. சுற்றுச்சூழல் கணக்கிலும் நேர்மை வேண்டும். பாரத் ஸ்டேஜ் விதிகள் 2000இல்தான் நாடெங்கும் வந்தன. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 தரத்தோடு ஒப்பிட்டால் என் வண்டியின் புகை அதிகம், பழைய டீசல் ஜீப்பின் கரி இன்னும் அதிகம். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுகிறவருக்குப் புதிய வண்டியோ மெட்ரோவோதான் நியாயம். மாதத்துக்குச் சில நாள் ஓடும், ஒழுங்காக டியூன் செய்த வண்டியை உடைத்துப்போட்டு அதற்குப் பதில் டன் கணக்கில் புது இரும்பை உருக்குவது நியாயமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் பெரியவர்களின் கேள்விக்கு என் பதில்: எல்லோரும் செய்ய வேண்டியதில்லை, குறைவாக ஓட்டுகிறவரும் கற்றுக்கொள்ள ஆசை உள்ளவரும் செய்யலாம்.

2027இல் என் ஜிப்ஸிக்கு 30 வயது. அதன் பதிவைப் புதுப்பிக்க மந்தைவெளி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரிசையில் நிற்பேன். அதற்கு இன்னும் இருபது ஆண்டு கழித்து, 2047இல், அது 50 வயதைத் தொடும். 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவுமின்றி மூல வடிவில் இருக்கும் வண்டிதான் ‘விண்டேஜ்’ தகுதி பெறும். அப்போது ஆய்வாளர் என்ன பெரிய டயர் போட்டேன் என்று தேடமாட்டார். என்ன போடாமல் விட்டேன் என்றுதான் பார்ப்பார். ஸ்பானர்களை அளவு வாரியாக எடுத்துக் கொடுக்கும் என் பன்னிரண்டு வயது மகளுக்கு அப்போது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும். துளைகளைத் திறந்து வைத்திருக்கிறேன். மழைத்தண்ணீர் வடிந்துவிடும்.